ஆளுக்கு ஒன்று: ஆண்டு முடிவில் பிடித்ததைப் பகிர ஒரு நெல்லை வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் வரிசைகட்டி வரும். வாசித்த ஐம்பது புத்தகங்கள், கேட்ட நூறு பாடல்கள், தவறவிடக் கூடாத இருபது பாட்காஸ்ட்கள். பார்த்தவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஐம்பதில் ஒன்றையாவது தேடிப்பிடித்து வாசித்தவரைக் காண்பது அபூர்வம். பட்டியல் போட்டவரின் உழைப்பைக் குறைசொல்லவில்லை. ஐம்பதையும் ஒரே குரலில் சிபாரிசு செய்தால் கேட்பவருக்கு எதில் தொடங்குவது என்று பிடிபடாது.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. ஒரு சாயங்காலம், எட்டுப் பேர், ஆளுக்கு ஒன்று. புத்தகமோ பாட்டோ பாட்காஸ்டோ, எதுவானாலும் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி நீட்டி முழக்காமல், அதிலிருந்தே ஒரு துண்டை எல்லோர் காதிலும் போட்டுவிடுவது.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், சுருக்கமாக டி.கே.சி., தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி ‘வட்டத்தொட்டி’ நடத்திய ஊர் இது. கம்பனில் ஒரு பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ருசித்து, கேட்பவரையும் ருசிக்கவைத்தவர் அவர். நமக்கு அவ்வளவு ஞானம் வேண்டியதில்லை. ஒன்றை எடுத்தால் அதிலேயே நிற்பது என்ற பழக்கம் போதும்.

நாளும் இடமும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருக்கும் வாரம்தான் தோது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து 30-ஆம் தேதிக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். 31 சாயங்காலம் வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் பாதிப் பேர் ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் மும்முரத்தில் இருப்பார்கள். திருவாதிரை எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்வந்தவர், உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

நேரம் நாலு மணி. ஆறரைக்கு மேல் போனால் கொசு வரும், சீரியல் ஞாபகம் வரும், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்கு பஸ் கவலை வரும். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றால் மூன்று மணிக்கே தொடங்குங்கள். மத்தியான வியாபாரம் ஓய்ந்து சாயங்கால வியாபாரம் சூடுபிடிக்கும் வரைதான் அவருக்கு மூச்சுவிட நேரம்.

டிசம்பர் மழையை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததையும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கீழேயும் ஒரு இடத்தை ஒழித்து வைத்திருங்கள்.

பழைய வீடாக இருந்தால் எல்லோருக்கும் தார்சாவில், அதாவது தெருப்பக்கத்து முன்தாழ்வாரத்தில், உட்காரத்தான் ஆசையாக இருக்கும். காற்று நன்றாக வரும். காற்றோடு தெருவில் போகும் மோட்டார் சைக்கிளும், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் வரும். கேட்பதற்காகவே கூடுவதால் வீட்டுக்குள் இருக்கும் கூடமான பட்டாசல்தான் நல்லது. அடுக்களையில் மிக்ஸியும் குக்கரும் அந்த இரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். பக்கத்துக் கோயிலில் மார்கழிப் பாட்டு எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் ஸ்பீக்கரோடு போட்டி போட்டு ஜெயித்தவர் கிடையாது.

யாரைக் கூப்பிடுவது

எட்டுப் பேர் என்பது சும்மா சொன்ன கணக்கு இல்லை. ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 56 நிமிடம். பேச்சு, டீ, தாமதமாக வருகிறவர்கள் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடியும். பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால் கடைசி நாலு பேருக்குக் கேட்க ஆள் இருக்காது, கையில் செல்போன் ஏறியிருக்கும்.

எட்டுப் பேரும் படிப்பாளிகளாக இருந்தால் அது கருத்தரங்கு ஆகிவிடும். ஒரு ஆச்சி, ஒரு கல்லூரிப் பையன், பக்கத்து வீட்டு மதினி, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் என்று கலந்துகட்டி இருக்கட்டும். ‘எனக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்குகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவரைக் குரூப்பில் செய்தி போட்டுக் கூப்பிட்டால் வரமாட்டார். நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

“ஆச்சி, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்துருங்க. ஒங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க, நான் போன்ல எடுத்து வச்சிருதேன்.”

“நான் என்னத்தல கேட்டேன்? ரேடியோவுல போட்டதைக் கேட்டேன்.”

“அதுதான் ஆச்சி வேணும்.”

இந்தக் கடற்கரைச் சீமையில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியையும் திருநெல்வேலி வானொலியையும் கேட்டு வளர்ந்தது. அவர்களிடம் பாட்காஸ்ட் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டாம். ‘நாம நெனச்ச நேரத்துல போட்டுக் கேக்குற ரேடியோ நிகழ்ச்சி’ என்றால் புரிந்துகொள்வார்கள். அப்புறம், அவர்கள் கேட்ட நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்கள் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். ஏழு நிமிடக் கணக்கை அங்கே மட்டும் மறந்துவிடலாம்.

ஊருக்கு வர முடியாதவர்கள் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். நேரலையில் சேர்ந்தாக வேண்டும் என்றால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இங்கே நாலு மணி என்றால் துபாயில் இரண்டரை, சவூதியில் ஒன்றரை. துபாயில் 2022 முதல் ஞாயிறு விடுமுறை. சவூதியில் வெள்ளி, சனிதான் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை அங்கிருப்பவர் வேலையில் இருப்பார். அவருக்கு வாய்ஸ் மெசேஜ்தான் சரி.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

இதுதான் கஷ்டமான வேலை. இதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எல்லோரையும் தொந்தரவு செய்யத் தொடங்க வேண்டும்.

இளவட்டங்கள் உடனே செல்போனைத் திறந்து, ஸ்பாட்டிஃபை ஆண்டுதோறும் போட்டுக்கொடுக்கும் கணக்கைக் காட்டுவார்கள். யூடியூப் மியூசிக்கும் ஆப்பிள் மியூசிக்கும் இப்படி ஒன்று கொடுக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எது அதிகம் ஓடியது என்ற கணக்கு. பிள்ளையைத் தூங்கவைக்க ராத்திரிதோறும் போட்ட பாட்டு முதலிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை கேட்டு, வண்டியை ஓரங்கட்டி, முடியும்வரை அப்படியே நின்ற பாட்டு அதில் இருக்காது. இன்னொன்று, ஆண்டு முடிவதற்கு முன்பே கணக்கை முடித்து டிசம்பரையொட்டி வெளியிட்டுவிடுகிறார்கள். மார்கழி முழுக்க நீங்கள் கேட்டது எதுவும் அதில் சேராது.

எனக்குத் தெரிந்து நல்ல சோதனை ஒன்றுதான்: கேட்ட அல்லது வாசித்த அன்றைக்கு அதை யாரிடமாவது போய்ச் சொன்னீர்களா? சமையல் நடந்துகொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் நின்று சொல்லியிருப்பீர்கள். வேலையிடத்தில் டீ குடிக்கும்போது சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னது எதுவோ அதுதான் கூட்டத்துக்கு வர வேண்டும். ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா? யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னால் போங்கள். நூலகத்தில் எடுத்த புத்தகங்களை யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் பிறருக்கு அனுப்பிய லிங்குகளைத் தேடிப் பாருங்கள். அனுப்பியதும் ஒருவகையில் போய்ச் சொன்னதுதானே.

இந்த ஆண்டு வெளிவந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களிடம் இந்த ஆண்டு வந்து சேர்ந்திருந்தால் போதும். பெரிய பெயராகப் பார்த்து எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பாதி வாசித்துவிட்டு முழுதாக வாசித்த மாதிரி பேசுவதை நம் ஊர் ஆட்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்லியும் விடுவார்கள்.

துண்டை எடுத்துவைப்பது

புத்தகமாக இருந்தால் ஒரே ஒரு பக்கம். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம் வரும். முதல் பக்கத்தை எடுக்காதீர்கள். கதை ஓடத் தொடங்கிய பிறகு, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமோ ஒரு காரியம் நடக்கும் இடமோ பாருங்கள். முந்தின நாள் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடுங்கள். கண்ணால் வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போன வாக்கியம் வாயில் மாட்டும். நெல்லைப் பேச்சில் எழுதியதை இங்கே யாரும் வாசித்துவிடலாம். கொங்குப் பேச்சிலோ தஞ்சாவூர்ப் பேச்சிலோ எழுதியிருந்தால் நடித்துக்காட்ட முயலாமல் எழுதியபடி வாசியுங்கள். இல்லாவிட்டால் கதை போய்ச் சிரிப்புதான் மிஞ்சும்.

பாட்காஸ்ட்தான் மூன்றிலும் சிரமம் தருவது. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரப் பேச்சை எப்படிக் காட்டுவது? சங்கரன்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கேட்டது உங்களுக்கு அருமையாக இருந்திருக்கும். பட்டாசலில் எட்டுப் பேர் முன்னால் அதன் முதல் மூன்று நிமிடத்தைப் போட்டால் முகவுரையும் விளம்பரமும் நலம் விசாரிப்பும்தான் கேட்கும். எனவே திரும்ப ஒருமுறை கேட்டு, பேசுகிறவர் விஷயத்துக்கு வந்து சேரும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 23-ஆவது நிமிடம் 40-ஆவது விநாடி என்று சீட்டில் எழுதிவைக்கிற அளவுக்குத் துல்லியமாக. யூடியூபில் இருந்தால், கணினியில் பகிர்வுப் பெட்டியைத் திறக்கும்போது எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து லிங்க் எடுக்க வழி இருக்கிறது. சீட்டில் நிகழ்ச்சியின் பெயரோடு எபிசோடின் பெயரும் வேண்டும். நிகழ்ச்சிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இருநூறு எபிசோடில் எங்கே போய்த் தேடுவது? கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை 2024-இல் மூடிவிட்டார்கள். பழைய லிங்க் எதையாவது நம்பியிருந்தால் இப்போதே வேறு இடத்தில் தேடி எடுத்துவிடுங்கள்.

பாட்டுக்கு ஒரே விதி: ஓடும்போது யாரும் பேசக் கூடாது, கொண்டுவந்தவர் உட்பட. ‘இப்ப வருது பாருங்க, இந்த எடம்’ என்று கையைத் தூக்கினால் அந்த இடம் போச்சு. சினிமாப் பாட்டை முழுசாகப் போடுங்கள். கச்சேரி என்றால்தான் யோசிக்க வேண்டும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், 1964-இல் மறைந்தவர். இளையவர்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அரை மணி நேர ராக ஆலாபனையில் தொடங்கினால் அவர்கள் நெளிவார்கள். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’வில் ஒரு நிமிடம் போடுங்கள். ஆச்சி முகத்தைப் பார்த்தே இளசுகளுக்கு ஆர்வம் வந்துவிடும். அதே கையோடு, அந்தப் பாட்டின் ராகமான ஆபேரியை அவர் கச்சேரியில் வாசித்தது ஏதாவது கிடைத்தால் அதில் மூன்று நிமிடம். தெரிந்த பாட்டின் ராகம் தெரியாத வாசிப்பில் வரும்போது, சங்கீதம் தெரியாதவரும் தலையை நிமிர்த்துவார்.

வில்லுப்பாட்டு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் கொடை விழாவில் ஒரு கதை ராத்திரி முழுக்க ஓடும். அதில் நாலு நிமிடம் எடுப்பது அநியாயமாகத் தோன்றும், இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். அண்ணாவி கதை சொல்ல, பக்கப்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட, வீசுகோல் வில்லில் விழுந்து குடத்தில் அடி கேட்கும் இடமாகப் பாருங்கள். இதைச் செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் போடவே கூடாது. குடத்தின் கனத்த சத்தம் அதில் கேட்காது, மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். புளூடூத் ஸ்பீக்கர் இல்லாதவர்கள் செல்போனைக் காலிப் பித்தளைச் செம்புக்குள் நிறுத்திவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாகஸ்வரத்துக்கு அது பரவாயில்லை. பேச்சுக்கு வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் முக்கியமானது இது: எட்டுச் செல்போனை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். முந்தின நாள் ராத்திரிக்குள் எல்லோருடைய துண்டுகளையும் ஒரே போனில் டவுன்லோடு செய்து, வரிசைப்படி வைத்துவிடுங்கள். கனத்த சுவர் வீடுகளுக்குள்ளும் பாபநாசம் பக்கத்து மலையடிவாரத்திலும் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கூட்டம் தொடங்கியதும் அந்த போனை விமான முறையில் போட்டு புளூடூத்தை மட்டும் திறந்துவிடுங்கள். ஆலாபனை நடுவே கடன் வேண்டுமா என்று கேட்டு அழைப்பு வராது.

அன்றைக்கு

முதலில் பேசுகிறவர் கூட்டத்திலேயே கூச்சப்படுகிறவராகவும் இருக்க வேண்டாம், பேச்சாளராகவும் இருக்க வேண்டாம். சாதாரணமாகப் பேசுகிற ஒருவர் தொடங்கட்டும். பட்டிமன்ற அனுபவம் உள்ளவரைக் கடைசியில் வையுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற ஏழு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். மணி பார்க்கும் வேலையை ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

துண்டைப் போடுவதற்கு முன் மூன்று வாக்கியம் போதும். எங்கே கிடைத்தது, தன்னை ஏன் பிடித்துக்கொண்டது, எந்த இடத்தைக் கேட்கப்போகிறோம். ‘அருமையான புத்தகம், எல்லாரும் கட்டாயம் வாசிக்கணும்’ என்பதில் ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “எங்க பெரியம்மை பீடி சுத்தித்தான் புள்ளைகளப் படிக்கவச்சா. கழிவுன்னு சொல்லி கட்டுலருந்து பீடியை உருவிப் போடுவாங்க, அந்தக் கணக்கு வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். இந்தக் கதையில அது இருக்கு, அந்தப் பக்கத்தை வாசிக்கேன்.” இதைக் கேட்ட பிறகு கதைச்சுருக்கம் யாருக்கு வேண்டும்?

துண்டு முடிந்ததும் யாராவது ‘இதுல என்ன வே இருக்கு?’ என்பார். நம் ஊர்ச் சுபாவம், தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ‘எந்த எடத்துல ஒட்டல அண்ணாச்சி?’ என்று திருப்பிக் கேளுங்கள். இடத்தைச் சொன்னால் பேச்சு வளரும். சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடலாம். இதுவா அதுவா எது உசத்தி என்ற பேச்சு எழுந்தால் மட்டும் டீ கொண்டுவந்துவிடுங்கள்.

டீயும் தீனியும் நாலு பேர் முடிந்த பிறகுதான். காராச்சேவு கடிக்கிற சத்தத்தில் வீணை கேட்காது. கருப்பட்டிக் காபியும் அவித்த பனங்கிழங்கும் இந்தப் பருவத்துக்குப் பொருத்தம். பனங்கிழங்கு வைத்தால் கைகழுவத் தண்ணீரும் துண்டும் பக்கத்திலேயே இருக்கட்டும், அடுத்து அந்தக் கையால்தான் புத்தகத்தைத் தொடுவார்கள்.

கொடுத்து வாங்குவது

பிடித்துப்போய்க் கேட்பவர்களிடம் புத்தகத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள். ‘அப்புறம் தாரேன்’ என்றால் அது நடக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி யார் எதை எடுத்தார், யாருடையது, அடுத்து யார் கேட்டிருக்கிறார் என்று எழுதிவையுங்கள். திருப்பித்தரும் நாளாகப் பொங்கலைக் குறிக்காதீர்கள், அது பக்கத்தில் வந்துவிடும். சித்திரை விசு சரியாக இருக்கும். அவரவர் கொண்டுவந்ததன் பெயரை எழுதிய எட்டுச் சீட்டுகளையும் வரிசையாக ஒட்டி போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினால் பாட்டும் பாட்காஸ்டும் அவரவர் தேடிக்கொள்வார்கள்.

கடையில் விற்கும் புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பும் வழக்கத்தை இந்தக் கூட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பது நிறைய இருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் நம் நாட்டில் பதிப்புரிமை முடிந்துவிடும். நம் புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தவர், அவர் கதைகளைத் தயங்காமல் அனுப்பலாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998-இலிருந்து பழைய நூல்களை மின்னூலாக்கித் தருகிறது. அச்சுப் புத்தகம்தான் வேண்டும், வாங்க வசதி இல்லை என்பவரைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப்போய் உறுப்பினராக்கிவிடுங்கள். வழி சொல்லி அனுப்பினால் போகமாட்டார், கூடப் போக வேண்டும்.

விசு அன்றைக்கும் புத்தகம் வரவில்லை என்றால் புத்தகத்தைக் கேட்காமல், ‘எந்தப் பக்கத்துல நிக்கீங்க?’ என்று கேளுங்கள். பாதியில் நிற்கிறவருக்கு இன்னும் பதினைந்து நாள் கொடுக்கலாம். திறக்கவே இல்லை என்று இழுக்கிறவரிடம் அன்றைக்கே வாங்கி, நோட்டில் அடுத்த பெயருக்கு உரியவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.